இன்ட்ராநெட் லாகின்: நான்கு வழிகள், நான்கு விதமான திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு என் மேசை போன் அடித்தால், எடுக்கும் முன்பே வாசகம் தெரியும். "சார், போர்ட்டல் உள்ள போக மாட்டேங்குதுங்க. பாஸ்வேர்ட் சரியாத்தானுங்க போடறேன்."

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். பாஸ்வேர்ட் சரியாகவே இருக்கும். ஆனால் கணக்கு பூட்டியிருக்கும், அல்லது பாஸ்வேர்டின் கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருக்கும். திரையில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே வரி: "பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு."

கோவைக்கு வெளியே பம்ப் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் நான் சிஸ்டம் அட்மின். லீவு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, டிராயிங்குகளின் கடைசித் திருத்தம் எல்லாம் இன்ட்ராநெட் போர்ட்டலில்தான். லாகின் உள்ளவர்கள் சுமார் 340 பேர். அதில் 120 பேருக்குத்தான் சொந்தமாக மேசையும் கம்ப்யூட்டரும். மீதிப்பேர் ஷாப் ஃப்ளோரில் பதினோரு கம்ப்யூட்டர்களை ஷிப்டுக்கு ஷிப்ட் பகிர்ந்துகொள்கிறார்கள். எங்கள் முடிவைப் பெருமளவு இந்தக் கணக்குதான் தீர்மானித்தது. போர்ட்டல் ஓடுவது உபுண்டு லினக்ஸில்; பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்புவது அப்பாச்சி, எழுதிய மொழி பிஎச்பி. ஆட்களின் கணக்குகள் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கும் பதிவேட்டில்; அதை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். பார்த்துக்கொள்ள நானும், சிசிடிவியையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு தம்பியும். ஆக ஒன்றரை ஆள்.

ஆறு வருடத்தில் மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்துவிட்டோம். நான்காவது இப்போது சோதனை சர்வரில் இருக்கிறது. எது அதிகப் பாதுகாப்பு, எது அதிக வசதி என்றுதான் எல்லோரும் ஒப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இது பழுதானால் எனக்கு என்ன சொல்லும்? நான் ஊரில் இல்லாத நாளில் தம்பி அதைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பானா?

சொந்த அட்டவணை

போர்ட்டலை முதலில் எழுதிக் கொடுத்தவர் பயனர் பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் டேட்டாபேஸிலேயே ஓர் அட்டவணையில் வைத்துவிட்டுப் போனார். பாஸ்வேர்ட் எம்டி5 ஹேஷாக, அதாவது எம்டி5 என்ற பழைய முறையில் உருமாற்றி. இன்றைக்கு அது பூட்டே இல்லாத கதவு மாதிரி. மாற்றுவது கஷ்டமில்லை. 2013இல் வந்த பிஎச்பி 5.5 முதல் 'பாஸ்வேர்ட் ஹேஷ்' என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது, பிகிரிப்ட் என்ற வலுவான முறையில் உருமாற்றிக் கொடுத்துவிடும்.

பிகிரிப்டில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், 'கி' என்றால் ககரமும் இகரக் குறியும் சேர்ந்து ஆறு. தமிழில் நீளமாக ஒரு வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைத்தவருக்குச் சுமார் பதினைந்து எழுத்துக்கு அப்புறம் எதைத் தட்டினாலும் கதவு திறக்கும். எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார். பிறகு தமிழ் கீபோர்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அரைமணி நேரம் திட்டினார்.

பழுது பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் வரி ஒன்று போதும், ஆள் இருக்கிறாரா இல்லையா தெரிந்துவிடும். டொமைன் கன்ட்ரோலர் படுத்தாலும் போர்ட்டல் எழுந்து நிற்கும். சிக்கல் வேறு இடத்தில். வேலையை விட்டுப் போகிறவரின் விண்டோஸ் கணக்கை எச்ஆர் அன்றைக்கே மூடச் சொல்வார்கள். போர்ட்டல் கணக்கு யாருக்கும் நினைவு வராது. விட்டுப்போய் எட்டு மாதம் ஆன ஒருவர் எனக்கே போன் செய்தார்: "அண்ணா, லோனுக்குப் பழைய பே-ஸ்லிப் வேணும்னு உள்ள போய் எடுத்துக்கிட்டேன், ரொம்ப நன்றிங்க." அந்த நன்றியோடு அந்த அட்டவணைக்கு விடை கொடுத்தோம்.

எல்டாப் வழியாக ஆக்டிவ் டைரக்டரியிடம் கேட்பது

எல்டாப் என்பது இப்படிப்பட்ட பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் மொழி. திரையில் அதே இரண்டு பெட்டிகள்தான். போர்ட்டல் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி டொமைன் கன்ட்ரோலரிடம் 'பைண்ட்' செய்து, அதாவது அந்தப் பெயரில் நுழைய முயன்று பார்க்கும். அது சரி என்றால் உள்ளே. எச்ஆர் ஒரு கணக்கை மூடினால் போர்ட்டலும் மூடிக்கொள்ளும்.

இந்த வழி எனக்குப் பிடித்துப்போனது அதன் பிழை எண்களால்தான். பைண்ட் தோற்றால் எல்டாப் பொதுவாக 49 என்ற எண்ணைத் தரும். பல புரோகிராம்கள் அதோடு நின்று "பாஸ்வேர்ட் தவறு" என்று எழுதிவிடுகின்றன. ஆனால் ஆக்டிவ் டைரக்டரி அதே பதிலுக்குள் 'டேட்டா' என்று போட்டு இன்னொரு குறியீட்டையும் அனுப்புகிறது. 52இ என்றால் உண்மையிலேயே பாஸ்வேர்ட் தவறு. 525 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 530, இந்த நேரத்தில் நுழைய அனுமதி இல்லை. 532, பாஸ்வேர்ட் கெடு முடிந்தது. 533, கணக்கு மூடப்பட்டது. 701, கணக்கின் ஆயுளே முடிந்தது. 773, முதல்முறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். 775, கணக்கு பூட்டியிருக்கிறது. பிஎச்பியில் எல்டாப்பின் 'டயக்னாஸ்டிக் மெசேஜ்' விருப்பத்தைக் கேட்டால் முழு வரியும் வந்துவிடும். அதை லாகில் எழுதும்படி நான்கு வரி சேர்த்தோம், அந்த எண்களை ஒரு தாளில் அச்சடித்துச் சர்வர் அறைக் கதவில் ஒட்டினோம். அதற்கப்புறம் தம்பி என்னைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது.

532, 773 இரண்டையும் பயனரிடமே தமிழில் சொல்லிவிடலாம். பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் மட்டுமே ஆக்டிவ் டைரக்டரி இவற்றைத் தரும் என்பதால் வெளியாள் எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. 525ஐ மட்டும் திரையில் காட்டாதீர்கள். இந்தப் பெயரில் ஆள் இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நாங்கள் விழுந்தே எழுந்தோம். எல்டாப்புக்கான இணையத் தர ஆவணத்தின்படி (ஆர்எஃப்சி 4513) பெயரைக் கொடுத்துப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் அது அடையாளம் சரிபார்க்காத பைண்ட். சர்வர் அதற்கும் "வெற்றி" என்றே பதில் சொல்லலாம். ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக அப்படித்தான் சொல்கிறது. தம்பி ஒருநாள் விளையாட்டாக ஜெனரல் மேனேஜர் பெயரைத் தட்டி, பாஸ்வேர்ட் பெட்டியைத் தொடாமல் என்டர் அடித்தான். மேனேஜரின் சம்பளச் சீட்டு திரையில் நின்றது. பாஸ்வேர்ட் காலியாக இருந்தால் எல்டாப்பிடம் போகவே கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். இந்த வழியை எடுப்பவர்கள் முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள்.

389ஆம் போர்ட்டில் வெறும் எல்டாப் ஓடவிட்டால் பாஸ்வேர்ட் வயரில் அப்படியே போகும். அதனால் 636இல் எல்டாப்எஸ்தான், அதாவது மறையாக்கம் செய்த எல்டாப். அதோடு, சர்வர் தான் யார் என்று காட்டும், கெடு உள்ள சான்றிதழும் ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் காலை 340 பேரில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. லாக் சொன்னது "எல்டாப் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை". நெட்வொர்க் என்று நினைத்து சுவிட்சையெல்லாம் ஆஃப் செய்து ஆன் செய்தோம். பிங் போகிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. கடைசியில் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியை வைத்து 636ஐத் தட்டிப் பார்த்தால் சான்றிதழ் முந்தின நாள் நள்ளிரவோடு முடிந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே நொடியில் போனால் முதலில் சான்றிதழைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் போனால் கதவில் ஒட்டிய தாள்.

பாஸ்வேர்டைப் பலமுறை தவறாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்வதிலும் ஒரு குறை. விண்டோஸ் லாகில் 4740 என்ற நிகழ்வைத் தேடினால் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பூட்டு விழுந்தது என்று தெரியும். ஆனால் ஆள் நுழைந்தது போர்ட்டல் வழியாக என்றால் அங்கே ஏதோ ஒரு சர்வரின் பெயர்தான் இருக்கும், அவர் உட்கார்ந்திருந்த இடம் இருக்காது. போர்ட்டலே ஐபி முகவரியைத் தன் லாகில் எழுதி வைத்தால்தான் உண்டு.

கெர்பரோஸ்: தட்டாமலே திறக்கும் கதவு

காலையில் விண்டோஸில் நுழைந்தால் போதும், போர்ட்டல் எதுவும் கேட்காமல் பெயர் சொல்லி வரவேற்கும். மேலாளர்களுக்கு இதைக் காட்டினால் உடனே சரி என்பார்கள். எங்கள் மேலாளரும் சொன்னார். எம்ஐடியின் அத்தீனா திட்டத்தில் 1980களில் பிறந்த கெர்பரோஸ் அருமையான வடிவமைப்பு. பாஸ்வேர்ட் போர்ட்டலுக்கு வரவே வராது, டொமைன் கன்ட்ரோலர் கொடுத்த டிக்கெட் மட்டும்தான் வரும். பாதுகாப்பில் இதற்கு முதல் இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மாதம் ஓட்டினோம்.

முதல் வாரமே ஒரு புதிர். எல்லோரும் விண்டோஸில் நுழைகிறார்கள், ஷேர் ஃபோல்டர் திறக்கிறது, போர்ட்டல் மட்டும் யாரையும் விடவில்லை. டொமைன் கன்ட்ரோலர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அது தன்னைத் தாங்கும் சர்வரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தது, அந்தச் சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தது. டொமைனில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் கன்ட்ரோலரைப் பின்பற்றி ஒன்றாகவே ஏழு நிமிடம் பிந்தின. ஆகவே அவற்றுக்குள் சண்டையில்லை. உபுண்டு சர்வர் மட்டும் வெளியே இருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கெர்பரோஸ் பொறுப்பது ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான். ஊரே தப்பான நேரத்தில் இருக்க, சரியான நேரம் காட்டிய ஒரே சர்வர் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, நிறுவனங்கள் தேசிய தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்துவைக்க வேண்டும் என்கிறது. தணிக்கைக்காக ஃபைலில் வைத்திருந்த அந்தத் தாளை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்.

அடுத்தது இன்னும் கொடுமை. போர்ட்டலின் சர்வீஸ் கணக்குக்குத் தம்பி ஒரு மாலை பாஸ்வேர்டை மாற்றினான். அந்தப் பாஸ்வேர்டின் சாவியைப் போர்ட்டல் சர்வரில் வைத்திருக்கும் கீடேப் கோப்பை மாற்றவில்லை. உடனே உடைந்திருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது பத்து மணி நேரம் வரை செல்லும். இரவு ஷிப்டுக்குப் பாதிப்பேருக்கு வேலை செய்தது, பாதிப்பேருக்கு இல்லை. காலையில் பழைய டிக்கெட் இன்னும் முடியாத ஓரிருவருக்கு மட்டும். புதிய கீடேப் போட்டதும் நிலைமை தலைகீழானது. இரவில் பழைய டிக்கெட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நின்றார்கள், அவர்களுடைய டிக்கெட்டை அழித்துவிட்ட பிறகுதான் சரியானது.

மற்றவை வேகமாக. ஐபி எண்ணை புக்மார்க் செய்து வைத்தவருக்குக் கெர்பரோஸ் டிக்கெட் கிடைக்காது, பிரவுசர் என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் முறைக்கு இறங்கும், அப்பாச்சிக்கு அது புரியாது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் என்டிஎல்எம்மைக் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டதால் அதை நம்பி எதையும் கட்ட வேண்டாம். போர்ட்டலின் பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் பதிவேடு) சிநேம் ஆக, அதாவது வேறொரு பெயரின் மாற்றுப்பெயராக வைத்தால் குரோம் அதன் பின்னால் இருக்கும் அசல் பெயருக்கு டிக்கெட் கேட்கும், ஆகவே நேராக ஐபி எண்ணைக் காட்டும் ஏ ரெக்கார்டாகவே வையுங்கள். ஒரே எஸ்பிஎன் (டிக்கெட் கேட்கப் பயன்படும் சர்வீஸின் பெயர்) இரண்டு கணக்கில் பதிவாகியிருந்தால் டிக்கெட்டே வராது.

பிறகு, 400 என்ற பிழை எண். எங்கள் கொள்முதல் பிரிவில் இருபத்தைந்து வருட சர்வீஸ் உள்ள ஒருவருக்கு மட்டும் "மோசமான கோரிக்கை" என்று வெள்ளைப் பக்கம் வரும். சர்வீஸ் ஏற ஏற அவரை ஒவ்வொரு குழுவாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். குழுக்கள் கூடினால் டிக்கெட்டும் பெருத்துவிடும். டிக்கெட் வருவது பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் ஹெட்டர் வரியில்; அப்பாச்சி ஒரு ஹெட்டருக்கு இயல்பாக ஏற்பது 8190 பைட். நேற்றுச் சேர்ந்த பையன் உள்ளே போகிறான், அவர் வாசலில் நிற்கிறார். "என்ன தம்பி, ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடியே வெளிய அனுப்பறீங்களா?" என்றார்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம், செய்தோம். கெர்பரோஸை நிறுத்தியது ஷாப் ஃப்ளோர். சிஎன்சி பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர் விண்டோஸில் நுழைந்து வேலை பார்த்துவிட்டு, பூட்டாமல் சாப்பிடப் போனார். அதே கம்ப்யூட்டரில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் வந்து லீவு போட்டுவிட்டுப் போனார்கள். போர்ட்டல்தான் பெயரே கேட்பதில்லையே. மாலையில் எச்ஆர் அம்மா கூப்பிட்டார்கள்: "ஏனுங்க, இவரு ஒரே நாள்ல ஆறு லீவு கேட்டிருக்காரே, வீட்ல ஏதாச்சும் விசேஷமா?" ஒரு கம்ப்யூட்டருக்கு ஓர் ஆள் என்ற இடத்தில் கெர்பரோஸ் தங்கம். பதினோரு கம்ப்யூட்டருக்கு 220 பேர் என்ற இடத்தில் அது ஆளை மாற்றிவிடும். இதை எந்த லாகும் பிழை என்று சொல்லாது, ஏனென்றால் அதன் கணக்குப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

கீக்ளோக் போன்ற நடுவாசல்

நான்காவது வழியில் போர்ட்டல் லாகினையே கைகழுவிவிடும். ஆளை இன்னொரு சர்வருக்கு அனுப்பி, அங்கே சரிபார்த்துத் திருப்பி வாங்கிக்கொள்ளும். 2005இல் வந்த சாம்ல் 2.0, 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் இரண்டும் இதற்கான மொழிகள். அந்த இன்னொரு சர்வராக ஓடும் மென்பொருள்தான் கீக்ளோக். அதுவும் 2014இல் வெளிவந்ததுதான், திறமூலம், லைசென்ஸ் செலவு இல்லை. பின்னால் ஆக்டிவ் டைரக்டரியை இணைக்கலாம். ஆபீஸ்காரர்களுக்குக் கெர்பரோஸ், ஷாப் ஃப்ளோருக்குப் பெட்டி, அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் மொபைலில் ஓடிபி என்று பிரிக்கலாம். நான் கொண்டாடிய 532, 773 எண்களைப் புரிந்துகொள்ளும் மேப்பர் ஒன்றும் கூடவே உண்டு. கெடு முடிந்தவரை நேராகப் பாஸ்வேர்ட் மாற்றும் பக்கத்துக்கே கூட்டிப்போகும்.

பழுதானால்? இங்கே கதை நீளம். பிரவுசர், போர்ட்டல், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் நிற்கும் பிராக்ஸி, கீக்ளோக், எல்டாப் என்று ஐந்து இடங்களில் ஐந்து லாக். சோதனையில் நான் பார்த்ததில் முக்கால்வாசி ஒரே வகை: பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் கீக்ளோக் தன்னை 'எச்டிடிபி' என்று நினைத்துக்கொள்ளும், பயனர் 'எச்டிடிபிஎஸ்'ஸில் இருப்பார், திரும்பி வரும் முகவரி பொருந்தாமல் பக்கம் சுற்றிச் சுற்றி வரும். பயனர் சொல்வது "திரை மின்னிக்கிட்டே இருக்குதுங்க" என்று மட்டும்தான். பதிப்பு மாற்றமும் கவலைதான். 2022 தொடக்கத்தில் வந்த 17ஆம் பதிப்பு அடித்தளத்தையே குவார்க்கஸ் என்ற வேறொன்றுக்கு மாற்றியது, முகவரியில் இருந்த 'ஆத்' பகுதியும் இயல்பாகக் காணாமல்போனது. அதை நம்பி எழுதிய செட்டிங் எல்லாம் உடைந்தன. இதைக் கட்டிக்காக்க ஒன்றரை ஆள் போதாது, இரண்டாவது ஆளாவது முழு ஆளாக வேண்டும்.

மேகத்தில் வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சாலை தோண்டினால் ஃபைபர் போகும். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழைய வெளியூர் அனுமதி வேண்டும் என்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஷாப் ஃப்ளோரில் பலருக்கு மின்னஞ்சலே கிடையாது, ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டுவதும் நியாயமாகப் படவில்லை.

நாங்கள் எடுத்தது

எல்டாப்எஸ். ஒன்றிரண்டு புரோகிராமும் பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டர்களும் உள்ள ஆலைக்கு இதுதான் பொருத்தம். எல்லோரும் மேசையில் உட்காரும் அலுவலகம் என்றால் தயங்காமல் கெர்பரோஸ் போட்டிருப்பேன். மூன்றாவது புரோகிராம் வரும் நாளில் கீக்ளோக்குக்குப் போவோம். கேண்டீன் டோக்கன் சாஃப்ட்வேர் வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுவதால்தான் அது சோதனை சர்வரில் ஓடுகிறது. அதற்கு முன் தம்பி பயிற்சிக்குப் போய் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போன்களைப் பெருமளவு குறைத்தது இந்த நான்கில் எதுவும் இல்லை. ஆக்டிவ் டைரக்டரியில் பாஸ்வேர்ட் ஆயுள் இயல்பாக 42 நாள். விண்டோஸைத் தன் பெயரில் தொடவே தொடாத லேத் ஆபரேட்டர் 42 நாளுக்கு ஒருமுறை அதை எங்கே போய் மாற்றுவார்? காலம் குறித்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே எழுதிவிட்டது. ஷாப் ஃப்ளோர் குழுவுக்கு மட்டும் தனிக் கொள்கை போட்டுக் கெடுவை எடுத்தோம், குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டினோம். விண்டோஸ் சர்வர் 2008இலிருந்தே இருக்கும் வசதி, நாங்கள்தான் தொடவில்லை.

பழைய அட்டவணையை முழுதாக அழிக்கவில்லை. ஒரே ஒரு வரி இருக்கிறது, இப்போது பிகிரிப்டில். இரண்டு டொமைன் கன்ட்ரோலரும் ஒன்றாகப் படுத்தால் போர்ட்டலுக்குள் நுழைய அது ஒன்றுதான் வழி. அதன் பாஸ்வேர்ட் ஒட்டிய கவரில், அக்கவுண்ட்ஸ் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில்தான்.